வேற என்ன செய்தவ? – கே.பி.சுந்தராம்பாள்

அன்புள்ள ஐயா,

பழைய நடிகைகளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். பத்மினி, சாவித்திரி, பானுமதி எல்லாரும் வந்துவிட்டார்கள். கே.பி.சுந்தராம்பாளை மட்டும் காணவில்லை. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் விடியப்புறம் ஸ்பீக்கரில் முதல் ஒலிப்பது அவருடைய குரல்தான். போன கிழமை என் மகள், ‘அம்மா, இது ஆர் பாடுறது?’ என்று கேட்டாள். புருஷன் செத்த பிறகு வெள்ளைச் சேலை உடுத்து, கடைசிவரை அவர் நினைவாகவே வாழ்ந்த உத்தமி என்று சொன்னேன். ‘சரி, வேற என்ன செய்தவ?’ என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. அவரை நடிகை என்று நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா? நான் பார்த்த படங்களில் தடியை ஊன்றிக்கொண்டு நின்று பாடுகிறார், அவ்வளவுதான். அதனால்தான் நீங்களும் விட்டுவிட்டீர்களோ தெரியாது.

ஒரு வாசகி,
உரும்பிராய்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. கே.பி.எஸ். பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அந்த வெள்ளைச் சேலையோடு நின்றுவிடுகிறார்கள். மீதிப்பேர் அவர் புருஷன், நாடக நடிகர் கிட்டப்பாவைப் பற்றி எழுதிவிட்டு இவரைக் கடைசிப் பந்தியில் சேர்க்கிறார்கள்.

முதலில் கிட்டப்பா கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கே.பி.எஸ். 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு சேர்த்த பிள்ளை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கம்பனிகள் கடல் தாண்டி இங்கே வந்துபோன காலம் அது. கே.பி.எஸ்.ஸும் வந்தார், இலங்கை மேடையில் பெயரெடுத்தார். செங்கோட்டைக் கிட்டப்பாவோடு அவர் சேர்ந்ததும் இந்த நாட்டு மேடையில்தான், 1920களின் நடுவில். 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சேர்ந்து நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. வீட்டுக்குள் சண்டையும் பிரிவும். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது, இவருக்கு 25. ஒரு படத்தில்கூட நடிக்காமல் போனவர் கிட்டப்பா, இசைத்தட்டுகள்தான் மிச்சம்.

சேர்ந்து வாழ்ந்த காலம் ஆறேழு வருடம். கே.பி.எஸ். அதற்குப் பிறகு உழைத்ததோ ஏறக்குறைய நாற்பது வருடம். இந்த நாற்பதைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள்.

இனி ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து மேடையேறமாட்டேன் என்று அவர் முடிவெடுத்தார். இதை எல்லாரும் விரதம் என்பார்கள். விரதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தொழிலுக்குப் போட்ட நிபந்தனையாகவும் எடுத்துப் பாருங்கள். ஒரு நடிகை இருபத்தைந்து வயதில் இப்படிச் சொன்னால் அவளுக்கு என்ன வேஷம் மிஞ்சும்? நாடகமென்ன, சினிமாவென்ன, கதாநாயகி என்றால் காதலித்தாக வேண்டிய காலம். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவரைத் தீரர் சத்தியமூர்த்திதான் காங்கிரஸ் மேடைக்கு இழுத்துவந்தார். பிறகு சினிமாக்காரர் தேடி வந்தார்கள். அவர்களைத் தட்டிக்கழித்துவிடலாம் என்று நினைத்து ஒரு லட்சம் ரூபா கேட்டதாகவும், அவர்கள் சரி என்றுவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கியது ஒரு லட்சம். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. ஜோடிப் பிரச்சினைக்கும் வழி பிறந்தது: நந்தனாராக அவரே ஆண் வேஷம் கட்டினார். வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் எடுபடவில்லை. கல்கி, படத்தில் வந்த பனைமரத்தையும் எருமையையும் ஆட்டையும் புகழ்ந்து நையாண்டி எழுதினார். (பனைக்கு அவர் கொடுத்த மரியாதைக்கு யாழ்ப்பாணத்தார் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.)

அதற்குப் பிறகு வந்த வேஷங்களைக் கவனியுங்கள். 1940இல் மணிமேகலை: அரசகுமாரன் பின்னால் வந்தும் துறவைப் பிடித்துக்கொண்டவள். 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’: கல்யாணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் கிழத்தோற்றம் கேட்டு வாங்கியவள். 1964இல் ‘பூம்புகார்’: கவுந்தியடிகள், சமணத் துறவி. 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’: புருஷன் விட்டுப்போனபின் அழகை உதறிப் பேயுருவம் கேட்டவள். இளம் புனிதவதியாக லட்சுமி நடிக்க, உரு மாறிய அம்மையாராக வந்தவர் கே.பி.எஸ். நம் புராணத்திலும் இலக்கியத்திலும் கல்யாணத்துக்கு வெளியே நின்ற பெண்கள் அத்தனைபேரையும் ஒருத்தியே நடித்துத் தீர்த்திருக்கிறார். தயாரிப்பாளர்கள் தேடிக் கொடுத்தார்களா, இவர் பார்த்துப் பொறுக்கினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. ‘முடியாது’ என்று ஒருமுறை சொன்னவர், மிச்சமிருந்த ஒடுக்கமான வழியிலேயே தனக்கென்று ஒரு வரிசையைக் கட்டிக்கொண்டார். வேறெந்தத் தமிழ் நடிகைக்கும் அப்படியொரு வரிசை கிடையாது.

இனி நடிப்புக்கு வருவோம். நீங்கள் உரும்பிராய் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். நம் இசைநாடக நடிகர் காங்கேசன்துறை வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ‘அரிச்சந்திரனாக வைரமுத்து பாடினார், நடிக்கவில்லை’ என்று அவர்களில் யாராவது சொல்வார்களா? அந்த நாடகத்தில் பாட்டுத்தான் பேச்சு. தர்க்கமும் அழுகையும் பாட்டில்தான் நடக்கும். நாம் இசைநாடகம் என்றும் கொட்டகைக்கூத்து என்றும் சொல்கிற இதுவும் கே.பி.எஸ். வளர்ந்த மேடையும் ஒரே வேரில் வந்தவை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் அங்கேயும் ஆடப்பட்டன, இங்கேயும் ஆடப்பட்டன. அவர் மேடையேறிய காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் இருக்கிறவனுக்கும் சொல் விழவேண்டும். கையைக் காலை அசைத்தால் மூச்சுச் சிதறும். அதனால் உடம்பை நிறுத்தி, மோவாயைத் தூக்கி, வாயை முழுக்கத் திறந்து பாடப் பழகியவர்கள் அவர்கள். கமெரா வந்த பிறகும் கே.பி.எஸ். அதை மாற்றவில்லை. பத்மினியின் கண்ணசைவைப் பார்த்துப் பழகிய நமக்கு அது நடிப்பாகத் தெரிவதில்லை.

‘திருவிளையாடல்’ படத்தில் முருகன் கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கிற இடத்தை இன்னொருதரம் போட்டுப் பாருங்கள். 1965இல் வந்த படம். ஆனால் அங்கே ஔவை பாடுகிற ‘ஞானப்பழத்தைப் பிழிந்து’ சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. சுவாமிகள் 1922இலேயே காலமாகிவிட்டார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலிருந்து வந்த ஏ.பி.நாகராஜன், மேடைப் பாட்டை மேடைக்காரியிடமே கொடுத்துப் படமாக்கியிருக்கிறார். அதில் ‘அப்பா’ என்ற விளி திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை, சாப்பிடாமல் முற்றத்தில் குந்தியிருக்கிற பேரனை அம்மம்மா கூப்பிடுகிற மாதிரித்தான் இருக்கும். போகப்போகக் குரல் ஏறும், சொல் இறுகும், கடைசியில் அது கடவுளைக் கூப்பிடுகிற குரலாகிவிடும். முகத்தில் பெரிய மாற்றமில்லை, தடியும் நகராது. எல்லாம் குரலுக்குள்ளேயே நடந்து முடிகிறது. இதை நடிப்பு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

எல்லாப் படத்திலும் இப்படி என்று சொல்லமாட்டேன். வசனம் மட்டும் பேசவேண்டிய இடங்களில் அவர் பிரசங்கம் வைப்பதுபோல இருக்கும். ‘பூம்புகார்’ பார்க்கும்போது எனக்குப் பலதரம் அலுத்திருக்கிறது. பாட்டு வந்தால்தான் உயிர் வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மகளுக்குச் சொல்ல உதவும். 1951இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக்கலைஞர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1969இல் வந்த ‘துணைவன்’ படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. 1970இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் வைத்திருந்தார். 1980இல் காலமானார்.

ஒரு சம்பவத்தையும் சொல்லுங்கள். ‘பூம்புகார்’ படத்துக்கு வசனம் கருணாநிதி. கோவலன் கொலையுண்ட பிறகு வரும் பாட்டில், நின்று கொல்லும் தெய்வம் எங்கே சென்றுவிட்டது என்று ஓர் அடி. அதைப் பாடமாட்டேன் என்றுவிட்டார் கே.பி.எஸ். தெய்வம் எங்கே என்று என் வாயால் கேட்கமாட்டேன் என்பது அவர் வாதம். தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்த பிறகுதான் பாடினாராம். கருணாநிதியே இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் முதலில் எழுதிய அடிதான் நல்ல அடி. கோவலன் வெட்டுண்டு கிடக்கிற நேரத்தில் கவுந்தியடிகள் அப்படித்தான் கேட்டிருப்பாள். இருந்தாலும், கடவுள் மறுப்பாளர் எழுதியதைத் திருத்தவைத்துவிட்டு, அதே படத்தை அதே அம்மா நடித்தும் கொடுத்திருக்கிறார்.

அன்புடன்.