குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பது ஒரு வேலையா?

கேள்வி: நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். சின்ன வயதில் ஊட்டியில் ரேஸ் பார்த்ததிலிருந்தே, ஓடும் குதிரையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. இதையே ஆராய்ச்சியாகச் செய்ய முடியுமா? அப்பாவோ, "டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசு டாக்டராகப் போ. குதிரையை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, அப்பா கிண்டலாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஓடவிட்டுப் பார்ப்பதுதான் வேலை. என்ன, அதற்கு முன்னால் குதிரையை டிரெட்மில்லில் ஏற்ற வேண்டும்.

அசையும் தரையைக் குதிரை லேசில் நம்பாது. முதலில் மெஷினை ஓட்டாமலே ஏற்றி, நிற்கவைத்து, இறக்கிப் பழக்க வேண்டும். அப்புறம் மெதுநடை. தலைப்பக்கம் ஆள் கயிற்றைப் பிடித்திருக்க, இன்னொருவர் கை நிறுத்தும் பொத்தான் மேலேயே இருக்கும். பின்னங்காலை அகட்டி வைத்துத் தடுமாறும் குதிரை, கொஞ்ச நேரத்தில் தாளத்தைப் பிடித்துவிடும். பிறகு மூச்சை அளக்கும் முகமூடி. அதற்குத் தனிப் பழக்கம். இந்தப் பொறுமை உனக்கு உண்டா என்று முதலில் பார். மார்க்கெல்லாம் அடுத்தது.

நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் இதயம் முழு வேகத்தில் 220-க்கும் மேலே போகும். மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். 40 சதவீதம் போல இருந்த அணுக்களின் பங்கு 60-ஐத் தாண்டும். அதனால் நிற்கும் குதிரையிடம் ரத்தம் எடுத்து அதன் ஓட்டத்தைக் கணிக்க முடியாது. சுவீடனில் சூனே பெர்சன் குதிரைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு ரத்த அளவை ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டார். இந்தத் துறையின் பிள்ளையார் சுழி அது என்பேன்.

ஹோய்ட், டெய்லர் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவர் மூன்று சின்னக் குதிரைகளை நடை, டிராட் (மிதமான ஓட்டம்), கேலப் (பாய்ச்சல் ஓட்டம்) மூன்றிலும் ஓட்டி ஆக்சிஜன் செலவை அளந்து 1981-இல் எழுதினார்கள். இந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் செலவு குறைவான ஒரு வேகம் இருந்தது. தன்னிஷ்டத்துக்கு விட்டபோது குதிரைகள் அந்த வேகத்தைத்தான் தேர்ந்தெடுத்தன! ஆனால் குதிரையோடு நின்றுவிடாதே. இதே டெய்லர் 1973-இல் கங்காருவையும் சீட்டா என்கிற சிறுத்தையையும் டிரெட்மில்லில் ஓட்டியவர். உடல் சூடு 40.5 டிகிரியை நெருங்கியதும் சிறுத்தை ஓட மறுத்தது. சூடு தாங்காமல்தான் சிறுத்தை வேட்டையைக் கைவிடுகிறது என்று நாற்பது வருடம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நமீபியாவில் சிறுத்தைகளின் உடம்பில் கருவி வைத்துப் பார்த்தபோது, ஓடும்போது சூடு அவ்வளவு ஏறவே இல்லை. ஓடி முடித்த பிறகுதான் ஏறியது. 2013-இல் வந்த ஆய்வு அது. மெஷினில் ஓடுவது வேறு, பசிக்கு ஓடுவது வேறு.

வழி என்று கேட்டால், உடலியங்கியலில் எம்.வி.எஸ்சி. என்ற முதுநிலைப் படிப்பில் சேர். குதிரைக்கு ஹிசாரிலும் ஒட்டகத்துக்குப் பிகானேரிலும் தேசிய ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. பிஎச்.டி.க்கு வெளிநாடு போக வேண்டிவரலாம். பெரிய டிரெட்மில் வைத்திருக்கும் கூடங்கள் குறைவு, ஆராய்ச்சிப் பணம் பல இடங்களில் ரேஸ் உலகத்தை நம்பியிருப்பது. அப்பாவின் பயம் வெறும் பயமில்லை. டி.என்.பி.எஸ்.சி.யையும் எழுதி வை, வீட்டில் கொஞ்ச நாள் அமைதி இருக்கும்.

அதற்குள் ஒன்று செய். லீவில் யாராவது குதிரை வைத்திருப்பவரிடம் கேட்டு, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணு. நிற்கும்போது ஒரு முறை, டிராட் ஓடி வந்தவுடன் ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை. தினமும் நோட்டில் எழுது. பதினைந்து நாள் கழித்தும் சலிக்கவில்லை என்றால், அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுது.