கடதாசிப்பூ (போகன்வில்லா): கேள்வியும் பதிலும்

கல்லடி: சாடியில வச்ச கடதாசிப்பூ மதிலுக்கு மேல போயிட்டு, ஒரு பூ இல்ல. வயலுக்கு வாங்கின யூரியா மிச்சத்த மாதாமாதம் போடுறன்.

பதில்: யூரியாவ இண்டைக்கே நிப்பாட்டுங்க தங்கச்சி. அதில 46 வீதம் நைதரசன். கொப்பும் இலையும்தான் தள்ளும். பூ வாறது புதுத் தளிரில. நீண்ட கொப்புகள மூண்டில ஒரு பங்கு வெட்டுங்க. தளிர் நாலு விரல் வந்ததும் தண்ணிய நிப்பாட்டி, இலை லேசாத் தொங்கினாப் பிறகு அடித் துவாரத்தால வடியுமட்டும் ஊத்துங்க. திரும்பக் காய விடுங்க. இலைக்காம்படியில நிறம் தெரிஞ்சதும் ஒழுங்கா ஊத்தணும்; அப்பவும் காயப்போட்டா மொட்டு உதிரும். ஆறு மணித்தியால வெயில் கட்டாயம். சாடிக்குக் கீழ தட்டு இருந்தா எடுத்துடுங்க.

அக்கரைப்பற்று: வாடவிடுறது செடிக்குச் செய்யிற கொடுமை. நான் ஒவ்வொரு நாளும் ஊத்துறன், வளவெல்லாம் பூ.

பதில்: உங்கட வளவு கடற்கரை மணல்தானே ஐயா? காலையில ஊத்தினது பகலைக்குள்ள இறங்கிடும். நீங்க ஊத்தினாலும் வேர் காயுது.

சம்மாந்துறை: அவர் சொன்னதக் கேட்டு நானும் நாளும் ஊத்தினன். இலை மஞ்சளாகிக் கொட்டுது. எங்கட வயல் மண்.

பதில்: பாருங்க, இதத்தான் சொல்லுறன். களியில தண்ணி நிண்டு வேர் அழுகும். ஈர மண்ணில இலை வாடினா அது தாகமில்ல, அழுகல். ஒரு பங்கு மக்கின மாட்டெருவுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து மேடாக்கி, செடியத் தூக்கி அதில வையுங்க. தூக்கக்குள்ள வேர்மண் உடையப்படாது, இந்தச் செடிட வேர் மெல்லிசு.

அக்கரைப்பற்று: அப்ப என்ட முறை பிழையில்ல?

பதில்: உங்கட மண்ணுக்குப் பிழையில்ல. மற்றவங்களுக்குச் சொல்லக்குள்ள மண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க. ஆருக்கும் ஒரே அளவு: விரல இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

காத்தான்குடி: ஒரே செடியில வெள்ளையும் ரோஸும் பூக்குது. நோயா?

பதில்: இல்ல, மேரி பாமர் எண்ட இனம். நிறமா இருக்கிறது பூ இல்ல, பூவச் சுத்தி நிக்கிற இலை; அதத்தான் பூவிலை எண்டுற. நடுவில இருக்கிற சின்னக் குழல்தான் பூ. அது வாடினாலும் பூவிலை கிழமைக்கணக்கா நிக்கும்.

களுவாஞ்சிகுடி: பூ வரல்ல, என்ன உரம்?

பதில்: முதல் பதில வாசிங்க. தட்டையும் எடுங்க.

திருக்கோவில்: ரோசாவில வெள்ளைப் பூச்சி.

பதில்: உங்கட விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டுங்க.

ஏறாவூர்: கொப்பு எப்ப நடலாம்?

பதில்: மாரி ஓய்ஞ்ச பிறகு, மாசியில. பென்சில் மொத்தத்தில முத்தின கொப்பு, ஆறு அங்குலம், மூண்டு நாலு கணு. கணுவுக்குக் கீழ சரிவா வெட்டி, இலைய உருவி, இரண்டு கணு மண்ணுக்குள்ள போகக்கூடியதா நிழலில நடுங்க. தளிர் வந்தவுடனே இழுத்துப் பார்க்கப்படாது. தளிர் முதல், வேர் பிறகு.

வாழைச்சேனை: மாரியில சாடிய என்ன செய்யிற?

பதில்: கூரைத் தண்ணி விழாத வெளிச்சமான இடத்தில, இரண்டு செங்கல்லுக்கு மேல வையுங்க. தட்டு வேணாம்.