விதிகள் மாறும்போது வேலையில் எப்படித் தேறுவது?

"ஊட்டியில் விடுதி வரவேற்பில் இருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருந்தால் எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மலைக்கு வண்டியில் வரும் சுற்றுலாப் பயணிகள் இணையத்தில் பெற வேண்டிய அனுமதியான இ-பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாகன வரம்பும் சேர்ந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000.

விதி உங்கள் கையில் இல்லை. ஆனால் அறை பதிவானதுமே, "வண்டி எண்ணோடு இன்றே பாஸுக்கு விண்ணப்பியுங்கள்" என்று விருந்தினருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது உங்கள் கையில்தான். கல்லார் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அவர்கள் பதறிப்போய் அழைக்கும் நிலை வராது. விதி மாறுகிறதே என்று நீங்கள் புலம்புவது இயல்புதான், நியாயமும்கூட. அதோடு விதிவிலக்குகளையும் படித்துவையுங்கள். அரசுப் பேருந்தில் வருபவருக்குப் பாஸ் தேவையில்லை. வாகன வரம்பு இருந்து, அது நிரம்பிய நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் வரச் சொல்லலாம்.