மின்விசிறிக் காற்றே குளிர்கிறதென்றால் தைராய்டா?

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு மாதமாக ஓயாத அசதி. முடி கொட்டுகிறது, மலச்சிக்கலும் உண்டு. நான்கு கிலோ எடை கூடிவிட்டது. சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறேன். "தைராய்டு குறைவுதான்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அறிகுறிகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாமா?

பதில்: அக்காவின் ஊகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அசதியையும் முடி உதிர்வதையும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். ரத்தசோகை உள்ளவரும், தூக்கம் கெட்டவரும், மனச்சோர்வில் இருப்பவரும் இதையேதான் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த மின்விசிறிதான். தைராய்டு சுரப்பு குறைந்தால் உடலில் சூடு உண்டாவது குறையும், குடல் மந்தமாகும், நாடித்துடிப்பும் தளரும்.

நேரில் வந்தால் முதலில் உங்கள் பழைய புகைப்படம் ஒன்றைக் கேட்பேன். இமை தடித்து முகம் உப்புவது தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாது. ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பம் காட்டிக்கொடுத்துவிடும். குரலும் அப்படித்தான். போனில் பேசுகிறவர்கள் "சளி பிடித்திருக்கிறதா?" என்று கேட்கிறார்களா? மாதவிலக்கில் போக்கு அதிகமாகிவிட்டதா? பிறகு நாடி, தோல், கழுத்து வீக்கம் எல்லாம் பார்ப்பேன்.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. நாற்காலியில் மண்டியிட்டுப் பாதங்களைத் தொங்கவிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் சிறு சுத்தியலால் தட்டுவேன். பாதம் துள்ளும். ஆனால் தைராய்டு குறைந்தவருக்கு அது பழைய நிலைக்கு வரும்போது, மனமில்லாமல் எழுந்திருப்பவரைப் போல மெதுவாக வரும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். புருவத்தின் வெளிநுனி உதிர்வதைப் பெரிய அடையாளமாகச் சொல்வார்கள். வயதானாலே அது உதிரும் என்பதால் நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை.

இவை எதுவும் இல்லாமலும் நோய் இருக்கலாம். ஆகவே டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டையும், கூடவே ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; டி4 என்பது தைராய்டே சுரக்கும் ஹார்மோன். அது கூடி, டி4 குறைந்திருந்தால் தைராய்டு குறைவு உறுதி. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

உறுதியானால், குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் மாத்திரை. வெறும் வயிற்றில், காலைக் காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடவேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி டிஎஸ்எச். அதுவரை அக்கா தன் மாத்திரையில் இரண்டு கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அளவு ஆளுக்கு ஆள் மாறும், கூடிப்போனால் இதயம் படபடக்கும்.