ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிலம் பார்ப்பவர்களுக்கு

வேலையை விடாமல், கையில் இருப்பதை வைத்து நிலம், வீடு என்று ஓரமாக ஏதாவது தொடங்க நினைப்பவர்களின் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. நானும் சம்பளக்காரன்தான், பதினெட்டு வருடமாக லீவு நாளில் மட்டும் இதைச் செய்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு.

சார், கையில் ஆறு லட்சம் இருக்கிறது, சம்பளம் 55,000. மதுராந்தகம் பக்கம் 1,200 சதுர அடி மனை 12 லட்சம். மூன்று வருடத்தில் இரட்டிப்பு ஆகும் என்கிறார்கள். மீதிக்கு லோன் போட்டு எடுக்கலாமா?

இரட்டிப்பு என்று சொல்பவரிடம், 'அப்படியானால் நீங்களே ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது' என்று கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

முதலில் செலவைப் பார்ப்போம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 12 லட்சத்துக்குப் பதிந்தால் 1,08,000 ரூபாய் அங்கேயே போய்விடும். வக்கீல், பத்திரம் எழுதுபவர் தனி. விற்கும்போது புரோக்கருக்கு ஒன்றோ இரண்டோ சதவீதம். ஆக விலை 11, 12 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்ப வரும், லாபம் அதற்கு அப்புறம். (2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்கள் மனை அந்த வரம்பைத் தாண்டுகிறது.)

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த லேஅவுட்டில் கம்பெனிக்காரரிடம் இன்னும் விற்காத மனைகள் இருக்கும்வரை, நீங்கள் விற்கப் போனால் உங்கள் போட்டியாளர் அவர்தான். அவர் கார் அனுப்பி, பிரியாணி போட்டு, தவணையும் தந்து விற்பார், நீங்கள் பத்திர நகலை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருமுறை போய் எத்தனை வீட்டில் லைட் எரிகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அது இப்போதைக்குப் பொட்டல்காடுதான்.

பாதிப் பணம் கடன் என்றால் மனை வேண்டாம் என்பேன். மனை வாடகை தராது, இ.எம்.ஐ. முழுக்கச் சம்பளத்திலிருந்து போகும். வங்கிகளும் மனைக் கடனை இத்தனை வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் கொடுக்கின்றன. எடுத்தே தீருவேன் என்றால் டி.டி.சி.பி. அல்லது (சென்னைப் பகுதி என்றால்) சி.எம்.டி.ஏ. என்ற அரசுத் திட்ட அமைப்புகளின் அனுமதி எண்ணைக் கேளுங்கள், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணையும். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்' என்றால் கிளம்பிவிடுங்கள். 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதும், அந்த வருடம் அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த அடுத்த வருடம் விதிகள் வந்ததும் இந்த 'அப்ரூவல்' சமாசாரத்தால்தான். அந்தத் தலைவலியை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை.

சென்னையில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட். வாடகை 16,000 வரும். வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடாதா?

கட்டாது. 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம், ஆக 48 லட்சம். எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 41,650. முதல் மாதத்தில் வட்டி மட்டுமே 34,000. வாடகை போக மாதம் 25,000-க்கு மேல் உங்கள் கையிலிருந்து போகும், அதுவும் வீடு காலியாக நிற்காத மாதங்களில். வருட வாடகை 1,92,000, அதாவது போட்ட விலையில் 3.2 சதவீதம். சொத்து வரி, பெயின்ட், மோட்டார் எல்லாம் கழித்தால் இன்னும் கீழே.

விலை ஏறுமே என்பீர்கள். ஃபிளாட்டில் ஏறுவது நிலம்தான், கட்டிடம் வருடாவருடம் தேயும். எனவே பத்திரத்தில் பிரிக்கப்படாத பாகம், அதாவது உங்கள் பங்குக்கு வரும் நிலம், எத்தனை சதுர அடி என்று பாருங்கள். இதே பணத்துக்குத் திருச்சியிலோ மதுரையிலோ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு போர்ஷன் பழைய வீடு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். ஒன்று காலியானாலும் மற்றதில் வாடகை வரும், அடியில் இருக்கும் மண்ணும் நம்முடையது. ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிற நீங்கள்தான் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதில் 60,000. பலர் முழுத் தொகையையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்ததும் முழிப்பார்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. போதுமா?

போதாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் என் முதல் மனையில் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

2009-ல் திருவள்ளூர் பக்கம் நாலு சென்ட் வாங்கினேன். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் எதுவும் இல்லை. பட்டா விற்பவரின் இறந்துபோன அப்பா பெயரில். இரண்டு மகன்களும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள், எனக்கு வாங்கிக் கொடுத்தவர் 'எல்லாம் கிளியர்' என்றார். இரண்டு வருடம் கழித்து வேலூரில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். அவரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, நானும் வாரிசு சான்றிதழைக் கேட்கவில்லை. அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் கிடையாது, அப்படியென்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சமபங்கு. கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது என்பது சட்டத்தில் பதில் ஆகாது. பேசி முடித்ததில் ஒன்றரை லட்சம் போனது, கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் நடந்துகொண்டிருக்கும். பூர்வீகச் சொத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்கு உரிமை வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க.

வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான ஆவணங்களை மட்டும்தான். பதியாத உயில், வாரிசு உரிமை, வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் அதில் வராது. பட்டாவும் தனியாக நின்றால் உரிமைக்குச் சாட்சி ஆகாது, யு.டி.ஆர். (நில ஆவணங்களை அரசு புதுப்பித்த திட்டம்) காலத்தில் பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்றைக்கும் வழக்கில் கிடக்கின்றன. ஆக தாய்ப்பத்திரத்தில் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) தொடங்கி இன்றைய கிரயப் பத்திரம் வரை சங்கிலி அறுந்துபோகாமல் வருகிறதா, அதே சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவிலும் ஏ-பதிவேட்டிலும் (கிராம நிலப் பதிவேடு) இருக்கின்றனவா, எஃப்.எம்.பி. என்ற அரசு நில அளவை வரைபடத்தின் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒன்றா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் பாதி வேலையை இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம், நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வசதி. தரைக்கு லைசென்ஸ் உள்ள சர்வேயர், பத்திரத்துக்கு அந்த ஊர்க் கோர்ட்டில் இருக்கும் வக்கீல். விற்பவர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

பவர் ஏஜென்ட், அதாவது உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்திருப்பவர், விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்திருக்கிறாரா என்று பாருங்கள். பவரை மட்டும் எழுதிக் கொடுத்து 'பிறகு கிரயம் செய்கிறேன்' என்றால் சொத்து உங்களுடையது ஆகாது, 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது), கோயில் நிலம், ஓடைப் புறம்போக்கு என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த விலை) பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கேட்கிறார்கள். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள்தான். ஆனால் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது, மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விற்பவர் பாடு என்று நினைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது பத்திரத்தில் எழுதிய குறைந்த விலைதான் உங்கள் கொள்முதல் விலை, கணக்கில் காட்டாத பணத்துக்கும் சேர்த்து லாப வரி கட்டுவீர்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இப்போது 12.5 சதவீதம்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பரந்தூர் பக்கம் ஒரு ஏக்கர் விவசாய நிலம் வாங்கலாம் என்று இருக்கிறோம். ஆளுக்கு 25 சென்ட்.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் 2022-ல் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு அங்கே விலை என்பது பேச்சில்தான் இருக்கிறது. உங்கள் சர்வே எண் கையகப்படுத்தும் பட்டியலில் இருந்தால், இழப்பீட்டுக் கணக்கு வழிகாட்டி மதிப்பிலிருந்தும் பதிவான கிரயங்களிலிருந்தும்தான் தொடங்கும், நீங்கள் கொடுத்த விலையிலிருந்து அல்ல. அப்புறம் கூட்டுப் பட்டா. நாலு பேரில் ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு அமெரிக்கா, விற்க வேண்டும் என்பார், மற்ற மூவரும் வேண்டாம் என்பார்கள். வாங்குமுன் நாலு பாகமாக அளந்து தனித்தனிக் கிரயமாகப் போட முடியுமா, ஒவ்வொன்றுக்கும் வண்டி போகும் பாதை பத்திரத்தில் வருமா என்று கேளுங்கள். முடியாதென்றால் நட்பு முக்கியம், விட்டுவிடுங்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இதெல்லாம் செய்யலாமா?

டீச்சர், தாராளமாக வாங்கலாம். ஆனால் நடத்தை விதிகளின்படி சொத்து வாங்கவும் விற்கவும் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், பணம் வந்த வழியோடு. மனை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் அது வேறு விவகாரம், அனுமதியின்றி வியாபாரம் கூடாது. புரோக்கர் கமிஷன் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஐம்பதாயிரத்தில் ஏதாவது உண்டா?

ரீட் (REIT), அதாவது பலரின் பணத்தைச் சேர்த்துக் கட்டிடங்களில் போடும் முதலீட்டு நிதி. பெரிய ஆபீஸ் கட்டிடங்கள், மால்களின் வாடகையில் ஒரு துளி. எம்பசி ரீட் 2019-ல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது, அப்புறம் மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்ஸஸ் எல்லாம் வந்தன. பங்கு மாதிரியே டீமேட் கணக்கில் ஒரு யூனிட்கூட வாங்கலாம், பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) விதி. யூனிட் விலை இறங்கவும் செய்யும். வேலிக்கல் பிடுங்கப்பட்டதா என்று ஓடவேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி.

வாடகைக்கு விட்டால் பத்து மாத அட்வான்ஸ் வாங்கலாமா?

சென்னையில் அதுதான் பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு வாங்கினாலும் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், அது உங்கள் பணம் இல்லை. அப்புறம் ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன் நம்பரைக் குடியிருப்பவரிடமே கொடுத்துவிட்டு, 'ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் நீங்களே சரி செய்து வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். மோட்டார் எப்போதும் திங்கட்கிழமை காலையில், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் நிற்கும்.