கேள்வி - பதில்: வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் பணம் யாருக்கு?

கேள்வி: அண்ணே, பல வருடமாக நார்த் லைன்தான், வட மாநிலங்களுக்கு லாரி ஓட்டுகிறேன். சங்ககிரியில் லோடு ஏற்றிக் கிளம்பினால் வீடு திரும்ப ஒரு மாதம்கூட ஆகிவிடும். இப்போது ஓசூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மட்டும்தான் ஓட்டம், மாதச் சம்பளம், வாரத்துக்கு ஒரு நாள் வீடு என்கிறார்கள். போகலாமா?
- வாசகர், ராசிபுரம்

பதில்: போகலாம் தம்பி, பிள்ளைகள் சின்ன வயதில் இருந்தால் யோசிக்காமல் போகலாம். ஆனால் தூரம் குறைகிறது, அதனால் வேலையும் குறையும் என்று நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள். நார்த் லைனில் ஓடி ஓடி உடம்பு கெடும், இங்கே நின்று நின்று கெடும்.

ஓசூரில் உதிரிபாகம் ஏற்றி ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ போகிறீர்கள் என்று வையுங்கள், முந்நூறு கிலோமீட்டர்தான், ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடிவதற்குள் கம்பெனி கேட் வாசலில் இருப்பீர்கள். அப்புறம்தான் கதையே. டோக்கன் போட வேண்டும், இறக்குகிற இடம் காலியாக வேண்டும், ஸ்டோர்காரர் வர வேண்டும், வந்தவர் பில்லில் இருக்கிற எண்ணிக்கையும் பெட்டியும் ஒத்துப்போகவில்லை என்பார், நம் ஆபீசுக்குப் போன் போட்டால் பத்து மணிக்கு மேல்தான் ஆள் இருக்கும். இதற்கு நடுவில் தூங்கலாமே என்று நினைப்பீர்கள். முடியாது, வரிசை அரை மணிக்கு ஒரு தடவை நகரும், நீங்கள் நகர்த்தவில்லை என்றால் பின்னால் நிற்பவர் கதவைத் தட்டுவார், செக்யூரிட்டி விசில் ஊதுவார். துறைமுகத்துக்கு கண்டெய்னர் இழுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எண்ணூர் பக்கம் வரிசையில் நின்றே பொழுது போனதைச் சொல்வார்கள்.

சாயங்காலம் ஒருவழியாக இறக்கி, சீல் போட்ட பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வருவீர்கள். உடனே சூப்பர்வைசரிடமிருந்து போன் வரும்: "பகலெல்லாம் சும்மாதானே இருந்தீங்க, நைட்டே கிளம்பி வந்துடுங்க, காலையில அடுத்த லோடு." இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே வாக்கியம் இதுதான். காத்திருந்த நேரத்தை அவர்கள் ஓய்வு என்று கணக்கு எழுதுகிறார்கள். நார்த் லைனிலாவது பெரும்பாலும் கை மாற்ற இன்னொரு டிரைவர் இருப்பார், இங்கே தூரம் குறைவு என்பதால் ஒற்றை ஆள்தான், கிளீனரும் கிடையாது, தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவதும் நீங்கள்தான். பழைய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவில் அரை மணியாவது ஓய்வு என்று சொல்லியாகிவிட்டது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வண்டி நின்றால் என்ன கணக்கு என்று கேளுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் சரக்குக்காரரிடம் ஹால்டிங் கேட்டு பில் போடுகிற டிரான்ஸ்போர்ட்கள் நிறைய. அந்தப் பணத்தில் டிரைவருக்குப் பங்கு உண்டா? சாப்பாட்டுச் செலவுக்குத் தருகிற படி நாளுக்கா, டிரிப்புக்கா? டிரிப்புக்குத்தான் படி என்றால், நிற்கிற நாளில் கேட் வாசல் கடையில் சாப்பிடுகிற சாப்பாடு உங்கள் கைக்காசு. டிரிப் நிறைய அடிக்கலாம், நல்ல காசு என்பார்கள், எத்தனை டிரிப் என்பதை முடிவு செய்வது உங்கள் ஸ்டீரிங் இல்லை, அந்த ஸ்டோர்காரர். கேரளாவுக்குப் போனால் இறக்குக்கூலி யார் கொடுப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலிக்கு அங்கே 2018 மே மாதம் அரசே தடை போட்டுவிட்டது, நிஜமாக இறக்கினால் கூலி உண்டு, அது உங்கள் அட்வான்ஸில் கை வைக்கக் கூடாது.

இதையெல்லாம் ஆபீசில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்பார். அந்தக் கம்பெனி வண்டிகள் டீசல் போடுகிற பங்கில் போய் நின்று, அதில் ஓட்டுகிற இரண்டு பேரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். போன மாதம் யார், எதற்காக வேலையை விட்டுப் போனார்கள் என்று கேட்டால் போதும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் போன வருடம் வாரத்துக்கு ஒரு நாள் வீடு என்று சொன்ன ஒரு லாரி கம்பெனியில் சேர்ந்தார். ஞாயிறு வீட்டுக்கு வருகிறார், வந்தவுடன் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார், பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். முன்பு மாதம் ஒருமுறை வந்தாலும் இப்படி இல்லை. குணம் மாறிவிட்டதா என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், பரமத்தி வேலூர்

பதில்: குணம் மாறவில்லை அம்மா, தூக்கம் போய்விட்டது. முன்பு மாதக் கடைசியில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்திருப்பார், முதல் நாள் தூங்கி எழுந்தால் மீதி நாள் உங்களுக்கு. இப்போது கிடைப்பது ஒரே நாள், அதில் பாதி வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வருவதிலேயே போகும். வாரத்துக்கு ஒரு நாள் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நாளாகச் சேர்த்துக் கொடுங்கள் என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். டிரைவர் கிடைக்காமல் வண்டிகள் நிற்கிற காலம் இது, ஒழுங்காக ஓட்டுகிறவர் கேட்டால் கொடுப்பார்கள். அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விட்டால் டீசல் மிச்சம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சரியா?
- வாசகர், மேச்சேரி

பதில்: தப்பு, தப்பு. அந்தச் சீனியர்களை என்னிடம் அனுப்புங்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது அந்தக் கணவாயில் நடந்த விபத்துகள் உங்களுக்குத் தெரியாததில்லை. நியூட்ரலில் விட்டால் லோடின் மொத்த வேகத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். முதலில் லைனிங் கருகுகிற வாசனை வரும், அப்புறம் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. அந்த நேரத்தில் கியர் போடலாம் என்றால் விழாது. இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் கியரில் இருந்தால்தான் வேலை செய்யும்.

அப்புறம் அந்த டீசல் கணக்கே பொய். இப்போது வருகிற வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள், பழைய ஆட்கள் சொன்னதில் இது ஒன்றுதான் சரி. மைலேஜ் வேண்டுமென்றால் டயரில் காற்றைப் பாருங்கள்.

கேள்வி: வண்டி பிரேக் டவுன் ஆகி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி ஓட்டி வந்தேன். அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். என் தப்பு என்ன?
- வாசகர், பல்லடம்

பதில்: உங்கள் தப்பு எதுவும் இல்லை, ஆபீசின் தப்பு. சரக்கு வண்டி மாறினால், சரக்கோடு போகிற ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும், இல்லையென்றால் பில் செல்லாது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலக்கெடுவும் உண்டு, நீட்டிப்பதென்றால் முடிவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ, முடிந்த பின் 8 மணி நேரத்துக்குள்ளோ செய்துவிட வேண்டும். எல்லாம் ஆபீஸில் ஒருவர் இரண்டு நிமிடத்தில் செய்கிற வேலை, ஆனால் ரோட்டில் நிற்பது நீங்கள். இனி வண்டி மாற்றினால் புதிய பில் வாட்ஸப்பில் வந்த பிறகு சாவியைத் திருகுங்கள்.

கேள்வி: திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் லோடு. ராத்திரி போகலாமா?
- வாசகர், சத்தியமங்கலம்

பதில்: முடியாது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து சரக்கு லாரிகளுக்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை தடை. ஊட்டி சுற்றிப் போகலாம் என்றால் பந்திப்பூர் காட்டில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை கேட் மூடியிருக்கும். லோடு கொடுக்கிறவருக்கு இதைச் சொல்லி, சேர வேண்டிய நேரத்தை முதலிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: லாரிக்கு ஏசி கட்டாயம் என்கிறார்களே, எங்கள் கம்பெனியில் கேட்டால் சிரிக்கிறார்கள்.
- வாசகர், திருச்செங்கோடு

பதில்: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்குத்தான் கேபின் ஏசி கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளுக்குப் பொருந்தாது, அதனால்தான் சிரிக்கிறார்கள். புது வண்டி எடுக்கும்போது அதில் யாரை ஏற்றுவது என்று பேச்சு வரும், அன்றைக்கு உங்கள் பெயர் முதலில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.