“கிடைக்காது” என்பதை எழுத்தில் கேளுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். பெருமூளை வாதம் உள்ள எங்கள் ஒன்பது வயது மகனுக்கு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அதற்காக நான் வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பராமரிக்கும் ஒருவரை அரசிடம் கேட்கலாமா? உதவிப்பணம் கேட்டபோது, “கணவர் உழைக்கிறாரே, கிடைக்காது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: சகோதரி, அரச செலவில் வீட்டுக்குப் பராமரிப்பாளரை அனுப்பும்படி உரிமையாகக் கோர நம் இலங்கையில் சட்டம் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பிலும் கல்விக்கூட அனுமதியிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. தாயின் முதுகுவலி அதன் கண்ணில் படவில்லை.

கேட்கக்கூடியது மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்த உதவிப்பணம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தையே வாங்காமல் வாயால் சொல்லி அனுப்புவது தீர்மானம் ஆகாது.

உங்கள் பகுதிக்குரிய திம்பிரிகஸ்யாய பிரதேச செயலாளருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. “நடக்க முடியாது” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இரவில் எத்தனை தடவை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள், புரையேறாமல் ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட எவ்வளவு நேரமாகிறது, குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டுமா என்று எழுதுங்கள். சம்பளத் துண்டோடு பம்பர்ஸ், மருந்து, கிளினிக்குக்குப் போகும் முச்சக்கரவண்டிச் செலவுக் கணக்கையும், விட்ட வேலையின் சம்பள விவரத்தையும் வையுங்கள். மருத்துவச் சான்றிதழும் கிளினிக் கொப்பியின் பிரதியும் கட்டாயம். சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், வருமான வரம்பு எது, அதை வகுத்த சுற்றறிக்கை எது என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், இந்தக் கடிதம் போன பிறகு பல கோப்புகள் தாமாகவே நகர்கின்றன.

நியாயமற்ற மறுப்பு எழுத்தில் வந்தால் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அதில் கணக்கிடப்படாது.